இரண்டு மொழியிலும் ஒரே பதில்

பஸ் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. உள்ளே திருப்பதி போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்ப் படியில் சாய்ந்து நின்றார். டிரைவர் மட்டும் கீழே இறங்கி, எங்கள் பள்ளிக்கூடத்து நான்காம் பாரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று, கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிவந்த வேலை மாஸ்டர் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இந்த வேலையில உங்களுக்குப் புடிக்காதது இன்னாங்க?" அதுவரை யாரும் அந்த மனிதரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வேளைக்குச் சாப்பிட முடியாததில் ஆரம்பித்தார். முதலாளியைத் தொட்டார், ரோட்டைத் தொட்டார். கடைசியில், "தூக்கத்துலயும் பிரேக்கை மிதிக்கிறேன் சார். பக்கத்துல படுத்துக்கினு இருக்கிறவ கால் வீங்கிப்போச்சு" என்று முடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் மாத்திரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் திருப்பதியில் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். எதிர்கால வேலை பற்றிய வகுப்பு ஒன்று நடத்துகிறார்களாம். அந்த வகுப்பின் பலனை ஒரு சின்னப் பெண் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டினாள். வட்டமாக ஒரு படம், அதில் பெரும்பகுதி பச்சை. பச்சை என்றால் இலக்கை முடிவு செய்துவிட்ட பிள்ளைகள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அது இன்னும் முடிவு செய்யாதவர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். என் பேத்தி பச்சையா சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு வேலை மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்து, "சிவப்புல இருக்கிறவங்க இன்னா சொன்னாங்கம்மா?" என்று கேட்டிருப்பார்.

வேலை மாஸ்டர் எங்களோடு இருந்தது, ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லை எது என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்களில். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சராக இருந்தேன். வயது இருபத்து சொச்சம், வாய் மட்டும் அறுபது என்று தலைமையாசிரியர் கிண்டல் செய்வார். ஊரில் ஒரு சுவரில் இந்தப் பக்கம்தான் என்று எழுதியிருக்கும், எதிர்ச் சுவரில் அந்தப் பக்கம்தான் என்று எழுதியிருக்கும். காலையில் டீக்கடையில் நாங்கள் மதராஸுக்குப் போய்விட்டோம் என்பார்கள், சாயங்காலம் அதே கடையில் ஆந்திரத்திலேயே இருக்கிறோம் என்பார்கள். கடைக்காரர் எதற்கும் தலையாட்டிக்கொண்டு டீ ஆற்றுவார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நான்காம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பீரியட் தொழில் அறிமுக வகுப்பு நடத்த வேண்டும், என்னென்ன வேலைகள் உண்டு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களில் யாருக்கும் வாத்தியார் வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தலைமையாசிரியர் எங்கெங்கோ விசாரித்து, கார்வேட்டிநகரத்துக்காரர் ஒருவரைத் தற்காலிகமாக நியமித்தார். அவர் ரேணிகுண்டாவில் டிக்கெட் கொடுத்தவர், ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர், நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதியவர், திருப்பதியில் சத்திரம் ஒன்றைக் கொஞ்ச காலம் கவனித்துக்கொண்டவர். எதிலும் நிலைக்கவில்லை. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே வேலை மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலைக்காதவரைக் கொண்டுவந்து வேலை பற்றிச் சொல்லிக்கொடுக்க வைப்பதா என்று நான் ஆசிரியர் அறையில் வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. "புடிக்கலன்னு எதையும் வுடல டீச்சரம்மா. அடுத்ததுல இன்னா இருக்குதுன்னு பாக்கப் போனேன், அவ்ளோதான்" என்றார்.

அவர் வகுப்பில் பாடம் என்று ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண் பிள்ளைகளும் வருவதால் துணைக்கு நானும் போக வேண்டும் என்று உத்தரவு. தறிக் கொட்டகை, ரயில் நிலையம், தபால் ஆபீஸ், வெல்லம் காய்ச்சுகிற இடம், எங்கே போனாலும் அந்த ஒரே கேள்விதான். பிறகு அவர் நகர்ந்துகொள்வார், பிள்ளைகள் மேற்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு நர்ஸம்மாள் எங்களைப் பார்த்து, "உடம்பு நல்லாயிட்டா மலைக்குப் போயி மொட்டை போட்டுக்கிறாங்க. நல்லாவலன்னா எங்க கிட்ட வந்து கத்துறாங்க. ஒரு நாளாவது மாத்திச் செய்யலாமில்ல?" என்றாள். எங்கள் வகுப்பில் நகரி நெசவுக்காரர் ஒருவரின் மகள் முன்பெஞ்சில் உட்காருவாள், துடுக்கான பெண். அவள் அந்த நர்ஸை விடவில்லை. நாங்கள் எல்லாரும் ரயிலடிக்குப் போய்விட்டோம், அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இத்தனை சுற்றியும் யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று எப்படிச் சொல்வது? தலைமையாசிரியருக்கு அதுதான் பெரிய கவலை. ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார். அவர் சித்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"மார்க் எதை வெச்சிப் போடறீங்க மாஸ்டர்?"

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தப்ப ஆவப்போறேன்னு சொன்ன வேலையை மாத்திட்டானா, ஏன் மாத்துனேன்னு சொன்னா பாஸுங்க."

"மாத்தாதவன்?"

"ஏன் மாத்தலன்னு சொன்னா அவனும் பாஸு."

"அப்போ பெயிலே கிடையாதா?"

"வாயத் தொறந்து யாரையும் கேக்காம வந்தவன் பெயிலுங்க."

தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் உத்தரவில் வேறு மாதிரி எழுதியிருந்தது. வருட முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேரோ அதுதான் வகுப்பின் வெற்றி. சித்தூரிலிருந்து அதிகாரி வந்து நேரில் கேட்டுப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வகுப்பு தொடரும், மாஸ்டரின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அந்த வருடத்தோடு இரண்டும் முடிந்தது.

இதை என்னைவிட அதிகமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் மாஸ்டரின் மனைவி. நான் குடியிருந்த வீட்டின் அடுத்த பகுதியில்தான் அவர்கள் இருந்தார்கள். அந்த அக்கா எந்த ஊரிலும் இரண்டு பொங்கலுக்கு மேல் ஒரே அடுப்பில் பொங்கியதில்லை. சின்னக் குழந்தை ஓர் ஊரில் பிறந்து, வேறோர் ஊரில் தவழ்ந்து, இங்கே வந்துதான் நடக்கப் பழகியது. "பெரியவனை மூணு பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன் டீச்சர். இவரு பாஷையில சொல்லணும்னா எனக்கு இந்த வேலையில புடிக்காதது அதுதான்" என்று சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

அதிகாரி வந்தார். கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர், சித்தூருக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. நல்ல மனிதர்தான், சிடுசிடுப்பெல்லாம் இல்லை. தமிழ் மட்டும் ஒரு சொல் புரியாது. வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பித் தெலுங்கில், "பெத்தயினாக்க ஏமவுதாவு?" என்று கேட்டார். பெரியவனானதும் என்ன ஆவாய் என்றுதான். பிள்ளைகள் டாண் டாண் என்று சொன்னார்கள். கிராமக் கரணம், அதாவது கணக்குப்பிள்ளை, என்றான் ஒரு விவசாயி மகன். போலீஸ் என்றான் இன்னொருவன். நெசவுக்காரர் மகள் திருப்பதியில் நர்ஸ் என்றாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மாஸ்டர் கதவோரம் நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியருக்கு ஓர் ஆசை. எங்கள் பள்ளியில் இரண்டு மொழிப் பிரிவும் உண்டு, பாரபட்சம் கிடையாது என்று காட்ட வேண்டும். "தமிழ் டீச்சர், நீங்களும் ஒரு தடவை தமிழ்ல கேளுங்க, நான் ஐயாவுக்குத் தெலுங்குல சொல்றேன்" என்றார். கேட்டேன். கரணம் ஆகப் போகிறேன் என்றவன் எழுந்து, மதராஸ் பஸ்ஸில் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்றான். தலைமையாசிரியர் யோசிக்காமல் அப்படியே தெலுங்கில் சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவை நிறுத்தினார். அடுத்தவனும் வேறு வேலை சொன்னான், அதற்கடுத்தவனும் அப்படியே. போலீஸ்காரன் மட்டும் போலீஸ் என்றே சொன்னான். ஏனென்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் போலீஸ் இருக்கும்ல டீச்சர்" என்றான். நெசவுக்காரர் மகள், வேலூர்ப் பக்கம் டிரெயினிங் படித்து டீச்சர் ஆவேன் என்றாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைத் தவிர யாருக்கும் இந்தக் குழப்பம் வராது. அவர்களுக்கு அது குழப்பமும் இல்லை. தெலுங்கில் கேட்டால், ஊர் ஆந்திரத்தில் இருந்தால் என்ன ஆவாய் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள். தமிழில் கேட்டால், ஊர் மதராஸோடு சேர்ந்தால் என்ன ஆவாய் என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைகள் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார். நெசவுக்காரர் மகளைப் பார்த்து, இரண்டில் எது நிஜம் என்று தெலுங்கில் கேட்டார். அவளும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். "நாங்க எந்தப் பக்கம் போறோம்னு நீங்க சொல்லுங்க சார். நான் எது நிஜம்னு சொல்றேன்."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. எந்தப் பக்கம் என்று அவருக்கு மேலே இருந்தவர்களுக்கே அன்றைக்குத் தெரியாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்தார். "ஒக்க மனிஷிக்கு ஒக்க பனி" என்றார். ஒரு ஆளுக்கு ஒரு வேலை. இன்று பயணியர் பங்களாவில் தங்குகிறேன், நாளைக் காலை பஸ்ஸுக்கு முன் வந்து மறுபடி கேட்பேன், இரண்டு மொழியிலும் ஒரே பதில் வர வேண்டும், வராவிட்டால் இந்த வகுப்பு வீண் என்று எழுதிவிட்டுப் போவேன். இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டில் தலைமையாசிரியரும் நானும் உட்கார்ந்திருந்தோம். தலைமையாசிரியர் கெஞ்சாத குறை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஏதாவது ஒரு பதில், அவ்வளவுதானே என்றார். நானும் அதையே சொன்னேன், கொஞ்சம் காரமாகவே சொன்னேன். மாஸ்டர் பாயில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பசங்க சரியாத்தான் யோசிச்சிருக்காங்க. எந்தப் பக்கம் போனா இன்னா இருக்கும்னு கணக்குப் போட்டுட்டு வந்திருக்காங்க. ஒரு வருஷம் நான் செஞ்சதே அதுதான். அத்தப் போயி தப்புன்னு சொல்லுன்றீங்களே" என்றார்.

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "பசங்க இன்னா ஆவாங்கன்னு யாருக்கும் தெரியாது, சரி. நாம இன்னா ஆவோம்னாவது எனக்குத் தெரியணுமில்ல?" என்றார்.

மாஸ்டர் பாயில் இன்னொரு கோடு கிழித்தார். எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அடுத்த வேலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர் பார்க்கலாம், பின்னால் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு நடக்கிறவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது? நிலையாக ஒரு பதில் வேண்டும் என்று கேட்ட அந்த அதிகாரியும் அக்காவும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளைகளையும் முடியவில்லை.

காலையில் மணி அடிப்பதற்கு முன்பே மாஸ்டர் வகுப்புக்கு வந்துவிட்டார். நானும் போனேன். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளிடம் நேராகவே பேசினார். "நேத்து நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா இன்னிக்கு ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லுங்க. எது வேணா சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க." வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி சார்" என்றான் போலீஸ்காரன், எல்லாருக்கும் சேர்த்து.

அதிகாரி வந்தார். அவர் தெலுங்கில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன், தலைமையாசிரியர் மொழிபெயர்த்தார். கரணம் கரணமாகவே இருந்தான். கண்டக்டர் ஆசை காணாமல் போயிற்று. நெசவுக்காரர் மகள் தெலுங்கில் பந்துலம்மா என்றாள், தமிழில் டீச்சர் என்றாள், இரண்டும் ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நான் இழுத்துக்கொண்டு வந்த பெண், ஒப்பிக்கிற குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு ஒவ்வொரு பதிலுக்கும் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசிப் பெஞ்சு வரை முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேடிக்கையாக மாஸ்டர் பக்கம் திரும்பினார். நீங்கள் நிறைய வேலை பார்த்தவராமே, இனிமேல் என்ன ஆகப் போகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். "இதே சார்" என்றார் மாஸ்டர். அதிகாரி சிரித்தார், தலைமையாசிரியரும் சிரித்தார்.

நெசவுக்காரர் மகள் எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க எல்லாரையும் தமிழ்லயும் கேட்டீங்க. சாரையும் கேக்கணுமில்ல?"

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்க, சிரிப்பு அடங்காத தலைமையாசிரியர் உள்ளபடி சொல்லிவிட்டார். அதிகாரி நல்ல குஷியில் இருந்தார். நியாயம்தான், கேளுங்கள் என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

எனக்குக் கேட்க இஷ்டமில்லை. அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேறு வழியில்லாமல் கேட்டேன். "மாஸ்டர், நீங்க என்ன ஆகப் போறீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு அவர்களிடம் பொய் சொல்ல வரவில்லை. "எனக்கு இன்னும் தெரியலமா" என்றார்.

"ஏமண்டாரு?" என்ன சொல்கிறார் என்று அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். சட்டம் சட்டம் என்று எங்களை எல்லாம் வாட்டி எடுத்த மனிதர். முந்தின நாள் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தவர். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அமைதியாக, "அதே மாட்ட, சார்" என்றார். தமிழிலும் அதே வார்த்தைதான் என்று அர்த்தம்.

ஜூன் மாதம் மாஸ்டருக்கு வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. பின்னால் எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரத்துப் பக்கமே நின்றோம். நெசவுக்காரர் மகள் நர்ஸும் ஆகவில்லை, டீச்சரும் ஆகவில்லை. தபால் ஆபீஸில் வேலைக்குப் போனாள். அதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காமல் இருப்பது தலைமையாசிரியர் அப்படிச் சொன்னதற்கும் அதிகாரி பேனாவைத் திறந்ததற்கும் நடுவில் போன அந்த ஒரு நிமிஷம். அந்த வகுப்பில் இரண்டு மொழியும் தெரியாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. மாஸ்டர் சொன்னதும் அவர்களுக்குப் புரிந்தது, தலைமையாசிரியர் சொன்னதும் புரிந்தது. எந்த நேரமும் எதற்காவது சிரித்துக்கொண்டிருக்கிற வயசு. ஒரு பிள்ளை சிரிக்கவில்லை, பக்கத்துப் பிள்ளையை இடிக்கவில்லை. கேட்டுவிட்டு இன்னும் நின்றுகொண்டிருந்த நெசவுக்காரர் மகள் சத்தமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார்கள்.